இருபது சார் வாங்கிய வேகப்படகு

என் அக்காவின் கணவருக்கு வெளியில் 'இருபது சார்' என்று பெயர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் அவருடைய வேலை. பயிற்சிப் பள்ளியின் காரில் அவர் உட்காரும் பக்கத்து இருக்கையின் கீழே தனியாக ஒரு பிரேக் உண்டு. கால் நூற்றாண்டுக்கும் மேலாக அந்தப் பிரேக்கின்மேல் வலது காலை வைத்தபடியே அவர் வாழ்ந்திருக்கிறார். வேகம் காட்டும் முள் இருபதைத் தாண்டினால் போதும், "இருபது... இருபது..." என்று குழந்தையைத் தூங்கவைப்பதுபோல் ஆரம்பித்துவிடுவார். அதற்கும் மசியாத மாணவருக்குக் கால் பதில் சொல்லும்.

அந்த வேலையில் அவருக்கு ஒரு விபத்துகூட நேர்ந்ததில்லை. நேர்ந்ததெல்லாம் வலது கெண்டைக்காலுக்குத்தான். இடதைவிட அது அவ்வளவு பருமன். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வேறு வேறு ஆட்களிடமிருந்து வாங்கிப் பொருத்தியதுபோல் இருக்கும். வீட்டில் தொலைக்காட்சியில் கார் துரத்தல் வந்தாலும் மாமாவின் கால் தரையை மிதிக்கும். அவர் நாற்காலிக்கு முன்னால் இருக்கும் விரிப்பை அக்கா மூன்று முறை மாற்றிவிட்டாள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஐம்பத்தாறாவது வயதில் வேகப்படகு வாங்கும் ஆசை வந்தது. அதற்குக் காரணம் ஒரு பல் டாக்டர்.

அந்த அம்மா மாமாவின் மாணவி. கடைவாய்ப் பல்லைக் கை நடுங்காமல் பிடுங்குவார், ஆனால் நாற்சந்தி வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். ஆறு முறை தேர்வில் தவறி, ஏழாவது முறை தேறினார். அந்தச் சந்தோஷத்தில் எங்கள் எல்லோரையும் ஏரிக்கு அழைத்தார். அவருடைய அண்ணனிடம் ஒரு வேகப்படகு இருந்தது. மறுக்க முடியாமல் மாமா ஏறினார். லைப் ஜாக்கெட்டின் எல்லாக் கொக்கிகளையும் மாட்டி, என் ஜாக்கெட்டின் கொக்கிகளையும் இழுத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

படகு முதலில் மூக்கைத் தூக்கியது. பிறகு தண்ணீரின்மேல் படுத்துப் பறந்தது. மாமா கண்ணை இறுக மூடிக்கொண்டார், வலது கால் அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. நடு ஏரியில் எதற்காகவோ ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றதையும் திறந்தார். கரைக்கு வந்து இறங்கும்போது தலைமுடி மொத்தமும் பின்பக்கம் நின்றது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எதிர்ல யாருமே வரலடா, பாத்தியா?" என்றார். "சிக்னல் இல்ல, சைக்கிள்காரன் இல்ல, குறுக்க ஓடுற நாய் இல்ல. ஒண்ணுமே இல்லடா!"

மூன்று வாரம் கழித்து அக்கா போன் செய்தாள். "உங்க மாமா ஒரு நோட்டு வாங்கி அதுல படகு படமா ஒட்டிட்டிருக்கார்டா. கேட்டா, சும்மாங்கறார். சும்மா ஒட்டறவர் எதுக்கு பசை காயறதுக்கு முன்னாடி மூடி ஒளிச்சு வைக்கணும்? பக்கமெல்லாம் ஒட்டிக்கிச்சு."

அன்று மாலை நான் போனபோது பேச்சு அதைப் பற்றித்தான் நடந்துகொண்டிருந்தது.

"ஆசைப்படறது தப்பில்லைங்க. கொஞ்சம் சின்னதா ஆசைப்படக்கூடாதா? மீன் வளக்கலாமே."

"மீன் என்னை ஏத்திட்டுப் போகாது."

புதுப் படகு நமக்குக் கட்டுப்படியாகாது, பழையதுதான் பார்க்க வேண்டும் என்று மாமாவே ஒப்புக்கொண்டார். அதற்கு அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். எந்தப் படகாக இருந்தாலும் அவளும் கூட வருவாள்.

"நீ வந்து என்ன பண்ணப்போற? படகைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"நீங்க பாருங்க. நான் கேக்கறேன்."

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. காது மருத்துவமனை ஒன்றில் கேட்கும் திறனைச் சோதிக்கும் வேலை அவளுக்கு. சத்தம் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் ஆட்களை உட்காரவைத்து, "பீப் கேட்டா கையைத் தூக்குங்க" என்று முப்பது வருடமாகச் சொல்லிவருகிறாள். பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டினால் அவளுக்குத் தெரியும். நான் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவன். ஓடுகிற பெட்டியை அவள் கேட்டுவிட்டு, "ரெண்டு மாசம் தாங்கும்" என்றால், அது ரெண்டு மாதம்தான் தாங்கும். என்னை இந்த விவகாரத்தில் சேர்த்ததற்குக் காரணம் என் வேன். அதன் பின்னால் டிரெய்லர் மாட்டும் கொக்கி இருந்தது.

முதலில் பார்த்த படகு ஒரு திரைச்சீலைக் கடைக்காரருடையது. கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் நின்றது. நல்ல சிவப்பு. இரண்டு பக்கமும் நெருப்பு எரிவதுபோல் படம். மாமாவின் கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது. இருந்தாலும் தொழில் விடுமா? தேர்வுக்கு முன்னால் காரைச் சுற்றி வருவதுபோல் படகைச் சுற்றி வந்தார். ஏறி உட்கார்ந்தார், ஸ்டியரிங்கைத் திருப்பினார், எதையோ தேடினார்.

"இண்டிகேட்டர் எங்க?"

"படகுக்கு இண்டிகேட்டர் கிடையாது சார்."

"அப்ப நாம திரும்பப்போறது பின்னால வர்றவனுக்கு எப்படித் தெரியும்?"

"சார், இந்தப் படகு திரும்பறதைப் பாக்கற தூரத்துல எவனும் பின்னால இருக்க மாட்டான்."

அந்த ஒரு வாக்கியத்தில் மாமா கவிழ்ந்துவிட்டார். அப்போதே காசோலை எழுதிக் கொடுத்துவிடுவார்போல் இருந்தது. நான் வழக்கம்போல் எஞ்சின்மேல் கையை வைத்துப் பார்த்தேன். சுட்டது. நாங்கள் வருவதற்குச் சற்று முன்னால் ஓடவிட்டிருக்கிறார்கள். ஆறிய எஞ்சின் லேசில் கிளம்பாது என்றால்தான் இப்படிச் செய்வார்கள். நான் அதைச் சொல்ல வாயெடுக்கும்போது அக்கா, "உன் ஸ்க்ரூ டிரைவரைக் கொடு" என்றாள்.

அவள் அதைத் தலைகீழாகப் பிடித்து, பிடியால் படகின் உடம்பைத் தட்டிக்கொண்டே நடந்தாள். கண்கள் மூடியிருந்தன. டக், டக், டக் என்று முழுப் பக்கமும் ஒரே மாதிரி வந்தது. எஞ்சினைப் பூட்டியிருக்கும் பின்பலகைக்குப் போனதும் சத்தம் மாறியது. பொத். நனைந்த அட்டைப் பெட்டியைத் தட்டுவதுபோல் மறுபடியும் பொத்.

"அங்க கொஞ்சம் கனமா பூசியிருக்கும்மா, அதான் சத்தம் வேற மாதிரி வருது" என்றார் கடைக்காரர்.

"கனமா இருந்தா கெட்டியா வரணும். இது ஊறிப்போன சத்தம். உள்ள இருக்கற மரம் அழுகியிருக்கு."

"உங்களுக்குப் படகைப் பத்தி என்னம்மா தெரியும்?"

"படகைப் பத்தித் தெரியாதுங்க. காதைப் பத்தித் தெரியும். என் காதுல மட்டும் பூ சுத்தாதீங்க."

நான் அந்தப் பலகையிலிருந்து ஒரு திருகாணியைக் கழற்றினேன். ஓட்டையிலிருந்து காபி நிறத்தில் தண்ணீர் நூல்போல் இறங்கியது. நிற்பதாகத் தெரியவில்லை.

"நேத்துக் கழுவினோம்" என்றார் கடைக்காரர்.

"உள்பக்கமாவா?" என்று அக்கா கேட்டாள்.

வீட்டு வாசலில் வேனை நிறுத்தியதும் மாமா பெருமூச்சு விட்டார். "ஆனா அந்த நெருப்புப் படம் நல்லாத்தான் இருந்தது."

இரண்டாவது படகை விற்க வந்தவர் உடற்பயிற்சிக் கூடம் நடத்துபவர். அவருடைய ஒரு கை என் தொடை அளவு இருந்தது. படகை ஏரியிலேயே கட்டிவைத்திருந்தார். பின்னால் ஒன்றுக்கு இரண்டு எஞ்சின். "இது படகு இல்ல சார், ராக்கெட்டு. இதுல ஏறினவங்க இறங்கும்போது பத்து வயசு குறைஞ்சு இறங்குவாங்க" என்றார். எஞ்சின்களைக் கிளப்பியதும் அக்கா கைப்பையிலிருந்து பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு எங்களுக்கும் கொடுத்தாள். எஞ்சின்கள் ஆறித்தான் இருந்தன, ஒரே இழுப்பில் கிளம்பின. கிளப்புவதற்கு முன்னால் அக்கா தட்டிப் பார்த்ததில் பின்பலகையும் டக் என்றே சொல்லியிருந்தது. படகின் தரையில் புத்தம்புதுக் கம்பளம் விரித்திருந்தார்கள். கம்பளத்தைத் தட்டினால் என்ன சத்தம் வரும்? அதை அவள் விட்டுவிட்டாள்.

உடற்பயிற்சிக்காரர் ஓட்ட, மாமா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். நானும் அக்காவும் பின்னால். படகுத்துறையைத் தாண்டியதும் உடற்பயிற்சிக்காரர் வேகத்தைக் கூட்டும் கைப்பிடியை முழுசாகத் தள்ளினார். படகு குதித்தது. மாமாவின் உதடு அசைவது பக்கவாட்டில் தெரிந்தது. என்ன சொல்கிறார் என்று கேட்கத் தேவையில்லை. சொல்லிப் பயனில்லை என்று தெரிந்ததும் காலை நம்பினார். ஒரு மிதி. படகு குறையவில்லை. இன்னும் பலமாக ஒரு மிதி. மூன்றாவது மிதிக்கு இருக்கையிலிருந்து எழுந்தே விட்டார்.

கரக் என்று ஒரு சத்தம். பஞ்சையும் மீறிக் கேட்டது. மாமா திடீரென்று குள்ளமாகிவிட்டார். வலது கால் முழங்கால்வரை கம்பளத்துக்குள் போயிருந்தது.

படகு நின்றது. உடற்பயிற்சிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், என் படகை உடைச்சிட்டீங்களே!"

மாமா ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக, வகுப்பெடுக்கும் குரலில் பேசினார். "தம்பி, பதட்டப்படாதீங்க. நான் இருபத்தேழு வருஷமா மிதிச்சிட்டிருக்கேன். ஒரு கார் தரைகூட இதுவரைக்கும் உள்ள போனதில்ல. இது கம்பளத்தை நம்பி நிக்கற தரை."

நான் கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கினேன். கீழே பலகை இருந்த இடத்தில் பிஸ்கட் தூள் மாதிரி ஏதோ இருந்தது. உடற்பயிற்சிக்காரர் அதைப் பார்க்காததுபோல் வானத்தைப் பார்த்தார். அதைவிடப் பெரிய வேலை மாமாவின் காலை எடுப்பது. போன கெண்டைக்கால் திரும்பி வர மறுத்தது. அக்கா கைப்பையில் இருந்த கைக்களிம்பு முழுவதையும் தடவ, உடற்பயிற்சிக்காரர் மாமாவின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்து எடையைத் தூக்குவதுபோல் தூக்கினார். கால் வந்தது, ஷூ வரவில்லை. "தரையை மாத்தும்போது எடுத்துத் தர்றேன் சார்" என்று சொன்னார். இன்றுவரை தரவில்லை. மாமா ஒற்றை ஷூவுடன் வீட்டுக்கு வந்தார்.

அதற்கப்புறம் ஒரு மாதம் படகுப் பேச்சே இல்லை. நோட்டையும் காணவில்லை. முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான், என்னிடம் குளிர்சாதனப் பெட்டியைப் பழுது பார்க்கக் கொடுத்த ஒரு தையல்கார அம்மா, "உங்க வேன்ல கொக்கி இருக்கே, எங்க வீட்டுப் படகை யாராவது இழுத்துட்டுப் போவாங்களா?" என்று கேட்டார்.

அவருடைய கணவர் தபால் பிரிக்கும் இடத்தில் வேலை பார்த்தவர். ஒரு வருடம் முன்னால் இறந்துபோனார். மாமாவையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். கார் நிறுத்தும் அறையில், அந்த அம்மா தன் கையால் தைத்த உறைக்குள் படகு இருந்தது. உறையை உருவியதும் மாமாவின் முகம் வாடியது. வெளிர் நீலம். நெருப்பு கிடையாது, கோடுகூடக் கிடையாது.

"குளியலறை ஓடு கலர்ல இருக்கே" என்று என் காதில் சொன்னார்.

எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டரைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "படகு வாங்கிப் பதினோரு வருஷம்னீங்க, பத்தொம்பது மணி நேரம்தானா? வீட்ல பயிற்சி எடுத்தேன்னு பொய் சொல்றவங்களை நான் நிறையப் பாத்திருக்கேன்மா."

"அந்தப் பத்தொம்பதுலயும் பதினஞ்சு மணி நேரம் இந்த ரூம்லதாங்க ஓடிச்சு" என்றார் தையல்கார அம்மா. "எஞ்சின் சூடாகாம இருக்கத் தண்ணிக் குழாயை மாட்டி, கதவைத் திறந்துவெச்சு, எஞ்சினை ஓடவிட்டு அதுல உக்காந்துப்பார். திரும்பற மாதிரி உடம்பை வேற சாய்ப்பார். நான் இங்க தையல் மிஷின்ல உக்காந்திருப்பேன். ரெண்டு பேரும் ஓட்டிட்டிருப்போம்."

"ஏரிக்குப் போகலையா?"

"நாலு தடவை போனார். நாலு தடவையும் வாந்தி. வித்துடலாமேன்னு கேட்டா, அடுத்த மாசம் பழகிடும்பார்."

படகுக்குள் ஒரு தலையணை, மூக்குக் கண்ணாடி, பாதியில் மடித்த துப்பறியும் நாவல் ஒன்று. பின் இருக்கையின் பஞ்சில் எலிகள் மூன்று தலைமுறை குடியிருந்திருக்கும்போல் தெரிந்தது. எஞ்சினைக் கிளப்பிப் பார்த்தோம். இருமியது, நின்றது. மறுபடி இருமியது. அதோடு சரி.

மாமா என்னைத் தனியாக இழுத்துப் போனார். "கலரும் சரியில்ல, கிளம்பவும் மாட்டேங்குது. இது எதுக்குடா?"

அதற்குள் அக்கா ஸ்க்ரூ டிரைவரோடு சுற்ற ஆரம்பித்திருந்தாள். டக், டக், டக். பின்பலகை, தரை, மூக்கு, அடிவயிறு என்று எல்லாவற்றையும் தட்டினாள். தரையில் கிடந்த மிதியடியைத் தூக்கிவிட்டு அங்கேயும் தட்டினாள். முழுச் சுற்று முடித்துக் கண்ணைத் திறந்தவள், வேலையில் நல்ல காது வந்தால் சிரிப்பாளே, அப்படிச் சிரித்தாள்.

"என்னங்க, இதுதான்."

"கிளம்பலியேம்மா!"

"கிளம்பாதது எஞ்சினுக்கு வந்த சளி. இவன் பாத்துப்பான். அந்தச் சிவப்புக்கு வந்தது எலும்புல. நீங்க கலரைக் கட்டிக்கப்போறீங்களா, படகை ஓட்டப்போறீங்களா?"

"இந்தக் கலர் அவரே தேடித் தேடி எடுத்தது" என்றார் தையல்கார அம்மா, பின்னால் நின்றபடி. மாமா சட்டென்று, "நல்ல கலரும்மா, கண்ணை உறுத்தாது" என்றார். அந்த அம்மா தலையணையையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டார். புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அதையும் எடுத்து, மடித்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டார். பேரம் பேசாமல் அவர் கேட்ட விலையைக் கொடுத்தோம்.

இரண்டு சனிக்கிழமை எனக்கு வேலை இருந்தது. டேங்கில் கெட்டுப்போயிருந்த பெட்ரோலைக் கொட்டினேன், கார்புரேட்டரைக் கழுவினேன், தண்ணீர் இறைக்கும் ரப்பர் சக்கரத்தை மாற்றினேன். மூன்றாவது சனிக்கிழமை சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உறுமியது. அக்கா தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ம்" என்றாள். அவ்வளவுதான், ஆனால் எனக்குப் போதும்.

படகு தயார், ஏரியில் இறக்கப் படகுக்கென்று தனி ஓட்டுநர் உரிமம் வேண்டும் என்றார்கள். மாமா மார்பை நிமிர்த்திக்கொண்டு போனார். எத்தனை பேரைத் தேறவைத்தவர்! "நீயும் எழுதிவை, துணைக்கு" என்று அக்காவையும் சேர்த்துக்கொண்டார். தேர்வு நடத்தியவள் தொப்பி போட்ட ஒரு சின்னப் பெண். மாமாவின் வயதில் பாதிகூட இருக்காது.

எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். கடைசியில் படகைத் துறையோரம் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். படகை நிறுத்துவதென்றால் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்து எஞ்சினைத் திருப்பிச் சுழலவிட வேண்டும். பாடத்தில் அது இருந்தது, மாமாவுக்கு மனப்பாடமும் ஆகியிருந்தது. ஆனால் துறை நெருங்கியதும் மூளைக்கு முன்னால் கால் முந்திக்கொண்டது. நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா கம்பீரமாகத் தரையை மிதித்தபடியே வந்து துறையில் மோதினார். அங்கே கட்டியிருந்த பழைய டயர்கள் இல்லையென்றால் அலுவலகத்துக்குள்ளேயே வந்திருப்பார். அந்தப் பெண்ணின் தொப்பி தண்ணீரில் மிதந்தது.

"பரவாயில்ல சார், பதட்டப்படாதீங்க. அடுத்த மாசம் வாங்க" என்றாள் அவள்.

அந்த வார்த்தைகளை மாமா தன் வாழ்நாளில் ஆயிரம் பேருக்காவது சொல்லியிருப்பார். கேட்டது அதுதான் முதல் தடவை. அக்கா அன்றே, ஒரு டயரைக்கூடத் தொடாமல் தேறிவிட்டாள்.

இரண்டாவது முறை, அவசரமாகத் திரும்பிக் காட்டச் சொன்னார்கள். மாமா வேகத்தை நன்றாகக் குறைத்து, இரண்டு தோளுக்கும் பின்னால் பார்த்து, கையை வெளியே நீட்டிச் சைகை காட்டி, அதன் பிறகு அவசரமாகத் திரும்பினார். அந்தப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தை மூடிக்கொண்டாள். அடுத்த மாதம் வரச் சொன்னாள்.

ஆக, முதல் இரண்டு மாதம் அந்தப் படகுக்கு அக்காதான் கேப்டன். மாமா பக்கத்தில். அவள் முழு வேகத்தில் விடுவாள் என்று நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே உட்கார்ந்து முப்பது வருடம் பொத்தான் அழுத்தியவள், கைப்பிடியை ஒரே தள்ளாகத் தள்ளினாள். "இருபது! இருபது!" என்று மாமா கத்துவார். "எனக்கு எதுவும் கேக்கலைங்க!" என்று அவள் காற்றைப் பார்த்துச் சொல்வாள்.

மூன்றாவது முறை மாமா தேறினார். எப்படி என்று கேட்டேன். வலது காலை இடது காலால் பின்னிக்கொண்டு உட்கார்ந்தாராம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் முதல்முறையாகத் தன் படகைத் தானே ஓட்டினார். ஓட்டுபவர் தவறி விழுந்தால் எஞ்சினை அணைக்கும் சிவப்புக் கயிற்றை இடுப்பில் மாட்டி, அதை இரண்டு முறை இழுத்துப் பார்த்து, எங்கள் கொக்கிகளைச் சரிபார்த்து, நாலு திசையிலும் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னங்க, ஏரி வத்திடப்போகுது" என்றாள் அக்கா.

மாமா கைப்பிடியைத் தள்ளினார்.

படகு மூக்கைத் தூக்கி, படுத்து, பறந்தது. முள் எங்கே நின்றது என்று நான் பார்க்கவில்லை, காற்றில் கண் பாதிதான் திறந்தது. மாமாவின் வாய் மட்டும் திறந்திருந்தது. கத்தினாரா, சிரித்தாரா, பாடினாரா என்று எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம் உண்டு. நான்கு நிமிடம் அப்படிப் போனோம். பிறகு நடு ஏரியில் எஞ்சினை அணைத்தார். அலை அடங்கியது. மாமா பேச முயன்றார், வார்த்தை வரவில்லை. நான்கு நிமிடமும் காற்று வாய்க்குள் போய் நாக்கு மரக்கட்டையாகிவிட்டது.

"தண்ணி..." என்றார் ஒருவழியாக.

அக்கா பையைத் துழாவினாள். "ஐயோ, பாட்டில் வேன்லயே இருக்குங்க."

மாமா இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். நாலா பக்கமும் தண்ணீர்தான். முதலில் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு எனக்கு. ஏரித் தண்ணீரில் ஒரு வாய் குடிக்கலாமா என்று மாமா சைகையில் கேட்டார், கூடவே கூடாது என்று அக்கா அவர் கையைத் தட்டிவிட்டாள். கரைக்குத் திரும்பி, ஆளுக்கு ஒரு பாட்டில் குடித்துவிட்டு, அன்று இன்னும் மூன்று சுற்று போனோம்.